முதலில் வெப்பம், பிறகு வேகம்

யோகோஹாமா துறைமுகத்தை ஒட்டி, நெடுஞ்சாலைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுழன்று இறங்கும் இடத்தில் டைகோகு என்றொரு பார்க்கிங் ஏரியா இருக்கிறது. நீண்ட தூரம் வண்டி ஓட்டுகிறவர்கள் கொஞ்ச நேரம் கண்ணயரவும், ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பவும் கட்டப்பட்ட இடம். ஆனால் வார இறுதி இரவுகளில் அது கார் பைத்தியங்களின் தேர்த் திருவிழா. பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு, அவரவர் காரின் பெருமையை அவரவர் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் கூட்டத்துக்குள் தரையோடு படுத்தாற்போன்ற உடலும், இமை திறப்பதுபோல மேலெழும் முகப்பு விளக்குகளுமாக ஒரு கார் நுழைந்தால் பேச்சு சற்று நிற்கும். அது மாஸ்டா ஆர்எக்ஸ்-7. அதிலும் 1991-ல் வெளிவந்து, 2002-ல் உற்பத்தி நின்றுபோன மூன்றாம் தலைமுறை. ரசிகர்கள் சுருக்கமாக 'எஃப்டி' என்பார்கள். 2001-ல் வந்த 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' முதல் படத்தில் வின் டீசலின் பாத்திரம் ஓட்டும் சிவப்பு கார் இதுதான். 'இனிஷியல் டி' என்ற ஜப்பானியப் படக்கதையில் மலைப்பாதையில் சீறும் மஞ்சள் காரும் இதுதான்.

இன்று இந்தக் காரை வாங்க வேண்டுமென்றால் பழைய காராகத்தான் வாங்க வேண்டும். இருப்பதிலேயே 'புதியது' என்றாலும் வயது 20-ஐத் தாண்டிவிட்டது. விலையும் ஏறிக்கொண்டே போகிறது. அதற்கு ஒரு காரணம் அமெரிக்கா. அங்கே 25 வயது நிறைந்த வெளிநாட்டு காருக்கு அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளில் இருந்து விலக்கு உண்டு. ஆண்டுதோறும் அடுத்த ஒரு வருடத்துக் கார்கள் அந்த வயதைத் தொடுகின்றன. அவற்றுக்கெல்லாம் கப்பல் காத்திருக்கிறது. கடைசியாக 2002-ல் 1,500 மட்டும் தயாரான 'ஸ்பிரிட் ஆர்' கார்களுக்கு அந்தக் கதவு 2027-ல் திறக்கும்.

ஆக, பல வருடச் சேமிப்பைக் கொட்டித்தான் இந்தக் கனவை வாங்க முடியும். சிக்கல் அங்கேதான். இந்தக் காரின் இன்ஜினை ஒரே விநாடியில் சாகடித்துவிட முடியும். பெரும்பாலும் அதைச் செய்வது திருடனோ எதிரியோ இல்லை. ஆசை ஆசையாக வாங்கி, ஆசை ஆசையாக 'மாடிஃபை' செய்த சொந்தக்காரரேதான்.

குழவி சுற்றுகிற இன்ஜின்

அது ஏன் என்று தெரிய, இன்ஜினுக்குள் கொஞ்சம் எட்டிப்பார்க்க வேண்டும்.

சாதாரண கார் இன்ஜினில் பிஸ்டன்கள் மேலும் கீழும் போய் வரும். ஆர்எக்ஸ்-7 காரில் பிஸ்டனே கிடையாது. இடுப்பு லேசாகச் சிறுத்த வேர்க்கடலை ஓடு போன்ற ஒரு கூடு. அதற்குள் முக்கோண வடிவில் ஓர் இரும்புத் துண்டு, ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோலச் சுவரை உரசியபடி சுற்றிவரும். இதன் பெயர் ரோட்டர். முக்கோணத்தின் மூன்று பக்கங்களுக்கும் சுவருக்கும் நடுவே மூன்று அறைகள் உண்டாகின்றன. காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவது, நசுங்குவது, எரிவது, புகையாக வெளியேறுவது எல்லாம் இந்த அறைகளில் வரிசையாக நடக்கும்.

எஃப்டி காரில் இப்படி இரண்டு ரோட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் 654 சிசி, மொத்தம் 1,308 சிசி. நம் குடும்பக் கார்களில் இருக்கும் அளவுதான். ஆனால் இரண்டு டர்போக்களின் துணையோடு ஆரம்பத்தில் 255 குதிரைத்திறனையும், 1999-ல் வந்த மாடலில் 280 குதிரைத்திறனையும் கொடுத்தது. காரின் எடையோ ஏறக்குறைய 1,300 கிலோவுக்குள். சிறிய இன்ஜின் என்பதால் முன்சக்கர அச்சுக்குப் பின்னால் தள்ளிவைக்க முடிந்தது. எடை முன்னும் பின்னும் சரிபாதியாகப் பிரிந்தது. வளைவுகளில் இந்த கார் அப்படித் திரும்புவதன் ரகசியம் அது.

இந்த இன்ஜினின் உயிர் இருப்பது ஒரு சின்ன உலோகப் பட்டையில். முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் ஒரு பட்டை செருகப்பட்டிருக்கும். 'ஏபெக்ஸ் சீல்' என்பார்கள், முனை சீல் என்று வைத்துக்கொள்ளலாம். தடிமன் 2 மில்லிமீட்டர். ஓர் அறையின் அழுத்தம் அடுத்த அறைக்குக் கசியாமல் காப்பது இதுதான். இரண்டு ரோட்டர்களுக்கும் சேர்த்து மொத்தம் ஆறு.

1961-ல் ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனத்திடம் உரிமம் வாங்கி, ஹிரோஷிமாவில் மாஸ்டா இந்த இன்ஜினைச் செய்யத் தொடங்கியபோது முதலில் பழிவாங்கியதும் இந்த முனைதான். கொஞ்ச நேரம் ஓடியதுமே கூட்டின் உட்சுவரில் வரிவரியாகக் கீறல்கள் விழுந்தன. 'பிசாசின் நகக்கீறல்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் அந்தப் பிசாசோடு மல்லுக்கட்டினார்கள். 1967-ல் 'காஸ்மோ ஸ்போர்ட்' காராக அந்த உழைப்பு சாலைக்கு வந்தது. 1991-ல் பிரான்சின் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் மாஸ்டா 787பி முதலிடம் பிடித்தது. அங்கே பிஸ்டன் இல்லாத இன்ஜின் வென்றது அந்த ஒரே முறைதான். எஃப்டி பிறந்ததும் அதே வருடம்.

பிசாசை அடக்கிவிட்டார்கள், உண்மைதான். ஆனால் அது குடியிருந்த இடம் மாறவில்லை. இந்தக் காரில் எந்தத் தப்பு செய்தாலும், கடைசியில் தண்டனை வந்து விழுவது அந்த 2 மில்லிமீட்டர் பட்டையின் தலையில்தான்.

ஏலச் சீட்டும் நாடிப் பரிசோதனையும்

டோக்கியோவுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரர் ஒருவர் இந்தக் காரை வாங்கக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் முதலில் கிடைப்பது ஏலச் சீட்டு.

ஜப்பானில் பழைய கார்கள் பெரும்பாலும் வியாபாரிகளுக்கான ஏலக்கூடங்கள் வழியாகவே கைமாறும். ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு காரையும் ஒரு பரிசோதகர் பார்த்து, காரின் படத்தில் குறி போட்டு வைப்பார். 'ஏ' என்றால் கீறல். 'யு' என்றால் ஒடுக்கு. 'டபிள்யு' என்றால் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த அலை தெரிகிறது. 'எக்ஸ்எக்ஸ்' என்றால் அந்தப் பாகமே மாற்றப்பட்டிருக்கிறது. மொத்தத்துக்கும் 4.5, 4, 3.5 என்று ஒரு மதிப்பெண். எண்ணுக்குப் பதிலாக 'ஆர்' என்று இருந்தால், விபத்தில் அடிபட்டுச் சரிசெய்த கார் என்று அர்த்தம்.

சீட்டு உடம்பைப் பற்றிச் சொல்லும். இதயத்தைப் பற்றிச் சொல்லாது. பளபளவென்று 4.5 வாங்கிய காரின் இன்ஜின் இன்னும் ஒரு மாதத்தில் படுத்துவிடக்கூடிய நிலையில் இருக்கலாம். அதற்குத்தான் கம்ப்ரஷன் டெஸ்ட். இன்ஜின் ஒவ்வொரு அறையிலும் காற்றை எவ்வளவு அழுத்தமாக நசுக்குகிறது என்று அளந்து பார்ப்பது.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. மெக்கானிக் ஷெட்டில் சாதாரண இன்ஜினுக்கு வைத்திருக்கும் மீட்டரை இதில் மாட்டக் கூடாது. ஒரு ரோட்டருக்கு மூன்று அறைகள். சாதாரண மீட்டரோ அந்த மூன்றில் எது அதிகமோ அதில் போய் நின்றுகொள்ளும். இரண்டு அறைகள் பழுதாகி ஒன்று மட்டும் நன்றாக இருந்தாலும் 'எல்லாம் நலம்' என்றே காட்டும். ரோட்டரி இன்ஜினுக்கென்றே உள்ள கருவி மூன்று அறைகளின் அழுத்தத்தையும் தனித்தனியாகச் சொல்லும். இரண்டு ரோட்டருக்கும் சேர்த்து ஆறு எண்கள். இன்ஜினைச் சூடாக்கிவிட்டு எடுத்த அளவுகளாக இருக்க வேண்டும். ஆறும் 8-க்கு மேல், ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் ஆரோக்கியம். 7-ஐ நெருங்கினால் இன்ஜினைப் பிரிக்கும் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். ஒரே ரோட்டரில் அடுத்தடுத்த இரண்டு எண்கள் மட்டும் விழுந்திருந்தால் அந்த இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ள முனை சீல் போய்விட்டது என்று புரிந்துகொள்ளலாம். ஒரு சுவர் இடிந்தால் இரண்டு வீட்டுக்கும் நஷ்டம்தானே.

கருவி இல்லாத இடத்தில் ஓர் எளிய சோதனை உண்டு. காரை அரை மணி நேரம் ஓட்டி நன்றாகச் சூடேற்றிவிட்டு, அணைத்து, சில நிமிடங்கள் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். தேய்ந்துபோன ரோட்டரி இன்ஜின் காலைக் குளிரில் நல்ல பிள்ளையாகக் கிளம்பும். சூட்டில்தான் முரண்டு பிடிக்கும். ஸ்டார்ட் ஆகும்போது வெள்ளைப் புகையும் தித்திப்பான வாசனையும் வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது. இந்தக் காரை விற்கிறவர் 'சூடாக இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம்' என்று சொன்னால் அப்புறமே வராமல் இருப்பது நல்லது.

மூன்றாவது, ரசீதுகள். முந்தைய சொந்தக்காரர் என்னென்ன மாற்றினார், எங்கே மாற்றினார், எப்போது மாற்றினார் என்ற காகிதங்கள். டர்போ கார்களில் பழைய காரை வாங்குவது என்பது பாதிதான் காரை வாங்குவது. மீதிப் பாதி, அதை ஓட்டியவரின் வலது காலை வாங்குவது. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடி, ரசீதுகள் அடுக்கிவைத்த கார், நாற்பதாயிரம் ஓடி ஒரு காகிதமும் இல்லாத காரைவிடப் பல சமயம் நம்பகமானது.

டயரையும் மறக்கக் கூடாது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். '2318' என்றால் 2018-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. கட்டைகள் புதிதுபோல ஆழமாக இருந்தாலும் பத்து வயது டயரை நம்பி 280 குதிரைகளை அவிழ்த்துவிட முடியாது.

பம்பின் அடியில் சுடுவது ஏன்?

நம்மவர் நல்ல காராகப் பார்த்து வாங்கிவிட்டார். பெட்டியில் கொஞ்சம் பணமும் மிச்சம் இருக்கிறது. எதில் செலவு செய்வது?

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும். பத்துப் பதினைந்து அடி அடித்ததும் பம்பின் அடிப்பகுதி சுடும். காற்றை நசுக்கினால் அது சூடாகும். டர்போ செய்வதும் இதே வேலைதான். வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டில் மாட்டிய இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை நசுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிறது. அதிகக் காற்று, அதற்கேற்ற பெட்ரோல், அதனால் அதிக பலம். கூடவே அதிகச் சூடு.

எஃப்டி காரில் இரண்டு டர்போக்கள் முறைபோட்டு வேலை செய்யும். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஒன்று மட்டும். நிமிடத்துக்குச் சுமார் 4,500 சுழற்சியைத் தொட்டதும் இரண்டாவது கைகொடுக்கும். இந்த முறைவாசலை நிர்வகிக்க மெல்லிய ரப்பர் ஹோஸ்கள், வால்வுகள் என்று ஒரு பெரிய சிக்கல் வலை இன்ஜின் மேல் படர்ந்திருக்கும். மெக்கானிக்குகள் அதை 'எலிக்கூடு' என்றே சொல்வார்கள். கொதிக்கிற இன்ஜின்மேல் இருபது முப்பது வருடம் கிடந்த ரப்பர் அப்பளம்போல ஆகிவிடும். தொட்டால் ஒடியும். ஒரு ஹோஸ் கழன்றாலும் இரண்டாவது டர்போ வேலைக்கு வராது. 'டர்போ போச்சு' என்று புதிதாக வாங்கக் கிளம்பியவர்களில் பலருக்கு உண்மையில் போனது ஒரு முழம் ரப்பர்தான்.

ஆகவே அனுபவசாலிகள் போடும் பட்டியலில் முதல் வரி டர்போ இல்லை. வெப்பம்.

பழைய ரப்பர் ஹோஸ்களுக்குப் பதிலாக சூடு தாங்கும் சிலிகான் ஹோஸ்கள். கூலன்ட் பாதையில் காற்றைப் பிரிக்க மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதிலாக அலுமினிய டப்பா. அந்த பிளாஸ்டிக் வயதாகி ஒட்டு விடும், கூலன்ட் போய்விடும், இன்ஜின் வெந்துவிடும். சின்னப் பாகம், பெரிய சாவு. அடுத்து நல்ல ரேடியேட்டர்.

அதைவிட முக்கியம், உண்மை பேசும் ஒரு மீட்டர். கம்பெனி பொருத்திய வெப்பமானியின் முள், வெப்பம் பல டிகிரி கூடிக் குறைந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டது. ஓட்டுபவர் வீணாகப் பதறக் கூடாது என்ற நல்லெண்ணம். ஆனால் அது அசைந்து மேலே போகும்போது காரியம் கைமீறியிருக்கும். ஆகவே டிகிரியை எண்ணாகக் காட்டும் தனி மீட்டர் ஒன்று. கூடவே டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று காட்டும் பூஸ்ட் மீட்டர் ஒன்று. 90-ஐ ஒட்டி ஓடினால் நிம்மதி. 100-ஐத் தாண்டினால் காலைத் தளர்த்த வேண்டும்.

இவை எதுவும் காரை ஒரு கிலோமீட்டர்கூட வேகமாக ஓடவைக்காது. டைகோகுவில் யாரும் குனிந்து பார்த்து 'அடேங்கப்பா' என்று சொல்ல மாட்டார்கள். அதனாலேயே பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

ஒரு சைலன்சர் செய்த கொலை

தள்ளிப்போட்டவர்கள் முதலில் வாங்குவது சைலன்சர். சத்தம் கம்பீரமாக இருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் பெரிய வாயோடு பளபளக்கும். விலையும் கட்டுப்படியாகும். 'வெறும் குழாய்தானே, இதில் என்ன ஆபத்து?' என்று தோன்றும்.

இங்கேதான் டர்போ காரின் கணக்கு வேறு. புகை வெளியேறும் வழியில் தடைகள் இருந்தவரை டர்போ சக்கரம் ஒரு கட்டுக்குள் சுழன்றது. வழி முழுவதையும் அகலமாக்கிவிட்டால் புகை தங்குதடையின்றிப் பாயும், சக்கரம் இன்னும் வேகமாகச் சுழலும். அதிகப்படியான புகையைத் திருப்பிவிட ஒரு வடிகால் கதவு உண்டு. எஃப்டி காரில் அந்தக் கதவு சிறியது. கம்பெனி குழாய்க்கு அது போதும். அகலக் குழாய்க்குப் போதாது. விளைவாக, யாரும் கேட்காமலேயே பூஸ்ட் ஏறும்.

காற்று கூடிவிட்டது. பெட்ரோல்? அது கம்பெனி கம்ப்யூட்டர் பழைய கணக்குப்படி, பழைய பம்ப், பழைய இன்ஜெக்டர் வழியாகத்தான் வரும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்றால் அறைக்குள் சூடு எகிறும். தீப்பொறி பரப்பும் தீ சீராகப் பரவுவதற்குள் கலவையின் மிச்சம் தானாகவே வெடிக்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பார்களே, அது. பிஸ்டன் இன்ஜின் சில தடவை அதைப் பொறுத்துக்கொள்ளும். 2 மில்லிமீட்டர் முனை சீல் பொறுக்காது. ஒரே அடியில் உடையலாம். உடைந்த துண்டு கூட்டின் சுவரைக் கீறிக்கொண்டு வெளியேறி, நேரே டர்போ சக்கரத்தில் போய் மோதும். இன்ஜின், டர்போ இரண்டும் ஒரே விநாடியில் காலி. அந்தச் சுவரில் இருப்பது குரோமியப் பூச்சு. சாதாரண இன்ஜின்போல 'போர்' போட்டுச் சரிசெய்ய வழியில்லை. கூட்டையே மாற்ற வேண்டியதுதான்.

அந்த சைலன்சர் மோசமான பொருள் இல்லை. தனியாக வந்ததுதான் தப்பு. டர்போ காரில் எந்தப் பாகமும் தனியாக வாழ்வதில்லை. ஓரிடத்தில் வழியைத் திறந்தால் அந்த பாரம் அடுத்த பாகத்தின் தலையில் ஏறும். ஒட்டுத் திண்ணையை இடித்து மாடி எடுப்பவர் அஸ்திவாரத்தைக் கேட்காமல் எடுப்பாரா?

சரியான வரிசை

வேகம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவிட்டு பூஜையறையில் வைக்கவா முடியும்? வரிசைதான் முக்கியம்.

முதலில் நலம். ஹோஸ், கூலன்ட், ரேடியேட்டர், மீட்டர்கள், பிளக், ஒயர், எல்லா ஆயிலும்.

இரண்டாவது நிற்கும் திறன். பிரேக், டயர், சஸ்பென்ஷன் புஷ்கள். இந்தக் காரின் எடைக்கு நல்ல டயரும் தேய்மானமில்லாத புஷ்களும் தரும் சந்தோஷத்தை, கூடுதலான 50 குதிரைகள் தந்துவிடாது.

மூன்றாவது, டர்போவில் இருந்து வரும் சூடான காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர். கம்பெனி கொடுத்தது சின்னது. நாலைந்து தடவை அழுத்தி மிதித்தாலே சூடாகித் திணறும். பெரியதாக மாற்றினால் பலமும் கூடும், பாதுகாப்பும் கூடும். இரண்டும் சேர்ந்து வரும் மாற்றம் அரிது.

அதற்குப் பிறகுதான் சைலன்சர். அதோடு சேர்த்து வடிகால் கதவை அகலப்படுத்துவது, பெட்ரோல் பம்ப், திருத்தி எழுதக்கூடிய கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே கையால் செய்யப்பட வேண்டும். கம்ப்யூட்டர் பெட்டியை வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. ரோட்டரியில் கைதேர்ந்தவர் காரை டைனோவில் ஏற்றி, ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று எழுதித் தர வேண்டும். ஜப்பானில் ஆர்இ அமேமியா போல ரோட்டரி கார்களுக்கென்றே பெயர்பெற்ற பட்டறைகள் இருப்பது இதனால்தான். பாகத்தின் விலையைவிட அந்தக் கைக்குக் கொடுக்கும் கூலிதான் இன்ஜினைக் காப்பாற்றுகிறது.

கழற்றிய ஒரிஜினல் பாகங்களைத் தூக்கிப்போடக் கூடாது. துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் பத்திரப்படுத்த வேண்டும். ஜப்பானில் 'ஷாகென்' என்ற கட்டாயப் பரிசோதனை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரும். புகை சுத்திகரிப்பானை எடுத்துவிட்ட கார் அதில் தேறாது. தரையிலிருந்து 9 சென்டிமீட்டருக்கும் கீழே தாழ்த்தியிருந்தாலும் தேறாது. விற்கும்போதும் அந்தப் பெட்டிக்குத் தனி மதிப்பு. கை படாத கார்கள் அருகிவிட்டதால், இன்று அதிக விலை போவதே 'கம்பெனியில் வந்தபடி' இருக்கும் கார்கள்தான். மாஸ்டாவும் இந்தக் காருக்கான சில பாகங்களை மீண்டும் தயாரித்துத் தரத் தொடங்கியிருக்கிறது.

தினசரிப் பழக்கம்

செலவில்லாத சில விஷயங்களும் உண்டு. ரோட்டரி இன்ஜின் முனை சீல்கள் தேயாதிருக்கத் தன் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்தபடியே ஓடும். அது பழுதல்ல, இயல்பு. ஆகவே இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவை ஆயில் அளவு பார்க்க வேண்டும். முள் உரிய வெப்பத்துக்கு வரும்வரை அழுத்தி மிதிக்கக் கூடாது. அணைப்பதற்கு முந்தைய சில கிலோமீட்டர்கள் நிதானமாக வர வேண்டும். கொதிக்கும் டர்போ ஆற நேரம் கொடுப்பதற்காக.

முக்கியமான இன்னொன்று, கார் கழுவுவதற்காக நாலடி முன்னால் நகர்த்த ஸ்டார்ட் செய்து உடனே அணைக்கக் கூடாது. குளிர்ந்த இன்ஜினுக்குள் பெட்ரோல் தேங்கி பிளக் நனைந்துவிடும். மறுபடி கிளம்பாது. வீட்டில் அப்பாவோ தம்பியோ உதவி செய்வதாக நினைத்துச் சாவியைத் திருகி, ஞாயிற்றுக்கிழமையை பிளக் துடைப்பதிலேயே கழிக்கவைத்துவிடுவார்கள். நாலடிதான் என்றால் தள்ளிவிடுவதே மேல்.

இந்தியாவில் இருப்பவர்கள் இந்தக் காருக்கு ஆசைப்பட்டுப் பயனில்லை. தயாரித்து மூன்று வருடங்களுக்கு மேலான பழைய காரை இறக்குமதி செய்ய இங்கே விதி இடம்தராது. பதிவுச் சான்றில் உள்ள கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் இன்று நம் தெருவில் ஓடும் சின்ன கார்களின் பானெட்டுக்குள்ளேயே டர்போ வந்துவிட்டது. பழைய டர்போ கார் ஒன்றைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ரசீதும், சூட்டில் மறுபடி ஸ்டார்ட் செய்யும் சோதனையும், 'முதலில் ஹோஸ், அப்புறம் மற்றவை' என்ற வரிசையும் அப்படியே பொருந்தும்.

டைகோகுவுக்குத் திரும்புவோம். வரிசைப்படி செலவு செய்த நம்மவர் ஒரு சனிக்கிழமை இரவு அங்கே வந்து நிற்கிறார். சைலன்சர் இன்னும் கம்பெனி கொடுத்ததுதான். பக்கத்தில் நிற்கும் கார் அதைவிட இரண்டு மடங்கு சத்தம் போடுகிறது. அதைச் சுற்றித்தான் கூட்டம். அவர் உடனே சாவியைத் திருகவில்லை. இன்ஜின் ஒரு நிமிடம் மெல்ல ஓடட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். இருட்டில் அந்தச் சின்ன மீட்டரில் எண் மட்டும் ஒளிர்கிறது. 88.

நள்ளிரவுக்கு மேல் எல்லோரும் கலைந்து போவார்கள். அவரும் தன் காரிலேயே வீட்டுக்குப் போவார்.